இருபத்திரண்டு அப்பம்

அன்றைக்கு வந்திருந்தவர்கள்: ஆண்கள் பக்கம் எட்டுப் பேர். முன் பெஞ்சில் மூன்று நாள் கூட்டம் நடத்த வந்த சகோதரர் எட்வின், சபைச் செயலர் தனசிங், அவர் தம்பி. நடுப் பெஞ்சில் பனையேறுகிற அண்ணன் தம்பிகள் மூன்று பேர். கடைசிப் பெஞ்சில் பெஞ்சமின் வாத்தியார், அவர் மருமகன். பெண்கள் பக்கம் பதினான்கு. முன்னால் பாடகர் குழுப் பெண்கள் ஐந்து, நடுவில் ஐந்து, சுவரோரம் என் மனைவி ஞானப்பூவும் அவளோடு எப்போதும் உட்காருகிற மூன்று பேரும். பாயில் சின்னப் பிள்ளைகள் ஏழு. பீடத்தில் பாதிரியார், நாங்கள் ஐயர் என்போம், ஒருவர். ஐயர் அங்கி மாற்றுகிற சிறிய அறையின் வாசலில் நான். மொத்தம் முப்பத்தொன்று. மழை இல்லாவிட்டால் ஐம்பது வரும். பிள்ளைகளுக்கு நற்கருணை இல்லை, ஐயருக்குப் பெரிய அப்பம் தனியாக இருக்கிறது, ஆக எட்டும் பதினான்கும் இருபத்திரண்டு, என்னோடு இருபத்துமூன்று. நான் இருபத்திரண்டு வைத்தேன். டப்பாவைத் திறந்து, காசு அகலத்தில் காகிதம் மாதிரி மெல்லிசான அப்பத்தை வெள்ளித் தட்டில் ஒவ்வொன்றாக எடுத்து வைக்கும்போது இருபத்திரண்டு என்று வாய்க்குள் சொன்னேன், அடுத்த எண் தானாக நாக்குக்கு வந்தது, அதை விழுங்கிவிட்டு மூடியைப் போட்டுத் திருகினேன். கரண்ட் இல்லை. ஜன்னலுக்கு வெளியே நவம்பர் மழை, வாரியலால் முற்றத்துத் தண்ணீரைப் பெருக்கித் தள்ளுகிற மாதிரி ஒரே சத்தம். எங்கள் பக்கம் என்னைப் போன்றவனைக் கோயில்குட்டி என்பார்கள். மணி அடிக்க, பெருக்க, மெழுகுவத்தி ஏற்ற, மாதத்தின் முதல் ஞாயிறு அப்பம் எண்ணி வைக்க. எழுபத்தொரு வயதில் குட்டி. இருபத்தாறு வருஷமாக எண்ணுகிறேன், ஒரு தரம்கூடக் குறைந்ததில்லை, ஒரு தரம்கூட மிஞ்சினதில்லை. மிஞ்சக்கூடாது. ஐயர் ஜெபித்த பிறகு அது டப்பாவுக்குத் திரும்ப முடியாத பொருள், யாராவது சாப்பிட்டுத்தான் தீரவேண்டும். அந்தக் கஷ்டத்தை நான் ஐந்து ஐயர்மார் யாருக்கும் கொடுத்ததில்லை. இன்றைக்கும் கொடுக்கமாட்டேன். எனக்கு வைக்காததை நான் எடுக்கப்போவதில்லை, அவ்வளவுதான், கணக்கு நேராகிவிடும். ஒருவருக்கும் தெரியாது. எல்லாரும் வாங்கி முடிந்து கடைசியாகத்தான் நான் போவேன், எல்லாரும் கண்ணை மூடி ஜெபத்தில் இருப்பார்கள், போனேனா போகவில்லையா என்று யார் பார்க்கப்போகிறார்கள்.

கூட்டத்தில் எல்லாருக்கும் கொடுத்த அட்டை சட்டைப் பையில் இருந்தது, குனியும்போதெல்லாம் மார்பில் குத்தியது. மஞ்சள் அட்டை, மூன்று கோடு. பெயர், அருமைநாயகம் என்று எழுதியாயிற்று. ஞானஸ்நானம் பெற்ற நாள், அதுவும் எழுதியாயிற்று, சபைப் புத்தகத்தில் பார்த்து எழுதினேன். மூன்றாவது கோடு, இரட்சிக்கப்பட்ட நாள். அதற்கு நேரே ஒன்றும் இல்லை. வெள்ளிக்கிழமை கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தேன், எண்பத்திரண்டு நாற்காலி, சகோதரர் எட்வின் பக்கத்தில் வந்து நின்றார். நல்ல பிள்ளை, முப்பது வயதிருக்கும், பெரிய வேலையை விட்டுவிட்டு ஊழியத்துக்கு வந்ததாகச் சொன்னார்கள். "ஐயா, மூணாவது கோட்ட நிரப்பலையே" என்றார். என்ன தம்பி எழுத என்றேன். "அந்த நாள் மறக்குமா ஐயா? கல்யாணத் தேதி மறக்குமா? எனக்கு மணிகூடத் தெரியும். சாயங்காலம் ஆறே கால்." தனசிங் அங்கே நின்றுகொண்டிருந்தார். "அண்ணாச்சிக்குப் பீடத்துல எத்தன எறும்பு ஊருதுன்னே கணக்குத் தெரியும் பிரதர், இது தெரியாமலா? வெக்கப்படுதாரு. எழுதும் வே, நாங்க யாரும் எட்டிப் பாக்க மாட்டோம்." எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், எண்பத்திரண்டாவது நாற்காலியைக் கையில் வைத்துக்கொண்டே சிரித்தேன். அவர் அன்றைக்குப் பிரசங்கத்தில் சொன்னதுதான் பிடித்துக்கொண்டது. இரட்சிப்பு இல்லாமல் இந்தப் பந்தியில் கை நீட்டுகிறவன் தனக்கே ஆக்கினைத்தீர்ப்பைச் சாப்பிடுகிறான் என்றார். புதிதாக ஒன்றும் சொல்லவில்லை, வேதத்தில் உள்ளதுதான், எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். ஆனால் அட்டை கையில் இருக்கும்போது கேட்டதில்லை. பதினாலு வயதில் பிஷப் தலையில் கைவைத்துத் திடப்படுத்தினதிலிருந்து மாதம் ஒரு தரம் நற்கருணை. ஐம்பத்தேழு வருஷம், வருஷத்துக்குப் பன்னிரண்டு. அறுநூற்று எண்பத்துநாலு. டைபாய்டில் கிடந்த இரண்டு மாதத்தைக் கழித்தால் அறுநூற்று எண்பத்திரண்டு. அறுநூற்று எண்பத்திரண்டு தரம் எதைச் சாப்பிட்டேன்? காலையில் ஞானப்பூ தன் அட்டையைக் காட்டினாள். மூன்று கோடும் நிரம்பியிருந்தது. ஜூன் பதினாலு. எந்த ஜூன் என்றேன். "ஏதோ ஒரு ஜூன். ஆனின்னு போடலாமான்னு பாத்தேன், அவ்வொ என்ன நெனப்பாவளோன்னு ஜூன்னு போட்டேன்." பொய் இல்லையா அது என்று கேட்டால், "ஆண்டவருக்குத் தெரியாத தேதியவா எங்கிட்ட கேக்காவ? தப்பா இருந்தா அவரு திருத்திக்கிடட்டும். நீங்க பதினஞ்சு போடுங்க, எனக்கு மறுநாளு" என்று சொல்லிவிட்டுத் தலையைச் சீவப் போய்விட்டாள். அவளுக்கு எல்லாம் சுலபம். பூ உதிர்கிற மாதிரி அவளுக்குத் தேதி உதிர்கிறது. எனக்கு ஒரு எண்ணைத் தொட்டால் அது நிற்கவேண்டும்.

ஐயர் சுவிசேஷம் வாசிக்கத் தொடங்கினார். பிறவிக் குருடன் பாடம். கரண்ட் இல்லாததால் புத்தகத்தை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார். ஆண்டவர் துப்பின எச்சிலில் மண்ணைக் குழைத்து அவன் கண்ணில் பூசி, போய்க் குளத்தில் கழுவு என்றார். கழுவினான், பார்த்தான். அதன் பிறகு எல்லாரும் அவனைப் பிடித்துக்கொண்டு விசாரிக்கிறார்கள், எப்படித் திறந்தது, யார் திறந்தது, பெற்றோரைக் கூப்பிட்டு வேறு விசாரிக்கிறார்கள். அவனுக்குச் சொல்லத் தெரிந்தது ஒன்றுதான், முன்னால் தெரியாது, இப்போது தெரிகிறது. இந்தப் பாடத்தைக் கேட்கும்போது எப்போதும் அவனை எனக்குப் பிடிக்கும், பேசத் தெரியாதவன், என்னைப் போல என்று நினைப்பேன். இன்றைக்கு அவன்மேல் கோபம் வந்தது. உனக்கென்ன, உனக்கு நாள் தெரியுமே. ஓய்வுநாள் என்று வேதத்திலேயே போட்டிருக்கிறதே. அட்டையைக் கொடுத்தால் நீ ஒரு நிமிஷத்தில் எழுதிவிடுவாய். எனக்கு அப்படி ஒரு முன்னும் ஒரு பின்னும் இல்லையே. அப்புறம் அவனை விசாரித்த அந்தப் பரிசேயர், நாங்களும் குருடரோ என்று கேட்டவர்கள், அவர்களுக்குக் கிடைத்த பதில். குருடராயிருந்தால் தப்பித்திருப்பீர்கள், தெரிகிறது தெரிகிறது என்று சொல்லுகிறீர்களே, அதனால்தான் உங்கள் பாவம் போகாமல் நிற்கிறது என்கிற பதில். அதை ஐயர் வாசிக்கும்போது வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டேன். தெரிகிறது என்று நான் எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். தனசிங் கேட்டார், அண்ணாச்சி கண்ணு எப்படி இருக்கு என்று, நல்லாத் தெரியுது என்றேன். ஐயர் கேட்டார், நல்லாத் தெரியுதுங்கய்யா. ஆகஸ்டில் பள்ளிக்கூடத்தில் கண் முகாம் போட்டார்கள், இலவசம், ஊரே போய் வரிசையில் நின்றது, நான் கோயிலுக்குப் பின்னால் அன்றைக்குப் பார்த்துப் புல் செதுக்கினேன். மதியம் வரை செதுக்கினேன், புல்லோடு சேர்த்து மல்லிகையையும் செதுக்கியிருக்கிறேன். இடது கண்ணில் எண்ணெய்க் காகிதம் ஒட்டின மாதிரி, வலது கண்ணிலும் ஓரம் தொடங்கியிருக்கிறது. தெரிந்தால் வேறு ஆள் போட்டுவிடுவார்கள். போடவேண்டியதுதானே, நியாயம்தானே. ஆனால் இந்த வாசலில் நிற்காமல் நான் எங்கே நிற்பேன்? பெஞ்சில் உட்கார்ந்து பழக்கமில்லை. அதனால் ஆட்களை இப்போது கண்ணால் எண்ணுகிறதில்லை. வாத்தியார் இருமுவார், அது ஒன்று. பனையேறுகிற மூன்று பேரும் ஒன்றாக எழுந்திருப்பார்கள், பெஞ்சு கிரீச்சிடும், அது மூன்று. பெண்கள் பக்கம் புடவை நிறத்தில் மங்கலாக, ஞானப்பூ சுவரோரம் பச்சை. இப்படியே கூட்டி இதுவரை தவறவில்லை. தவறவில்லை என்பதே இப்போது பயமாக இருந்தது. தவறாதவனுக்கு என்ன பதில் கிடைத்தது என்று இப்போதுதானே வாசித்தார்கள்.

பிரசங்கம் என்ன என்று தெரியாது. நான் தேதி தேடிக்கொண்டிருந்தேன். வீட்டில் சாவி தொலைந்தால் ஏற்கெனவே தேடின இடத்திலேயே மறுபடி தேடுவோமே, அப்படி. பிஷப் கைவைத்த நாளா? அன்றைக்கு நினைவிருப்பது பிஷப்பின் கை கனமாக இருந்தது, எனக்குப் புது வேட்டி அவிழ்ந்துவிடுமோ என்று இருந்தது, வேறொன்றும் இல்லை. பிறகு இருபத்துநாலு வயதில் ஒரு கன்வென்ஷன். பந்தல் முழுக்க அழுகிறார்கள், ஒப்புக்கொடுக்கிறவர்கள் கையை உயர்த்துங்கள் என்றார் பிரசங்கியார், இரண்டு பக்கத்திலும் உயர்த்தினார்கள், நான் காது உயரத்துக்கு உயர்த்தினேன். அதற்குமேல் போகவில்லை, வெட்கம். காது சொறிகிற மாதிரி இருந்திருக்கும். பரலோகத்தில் எழுதுகிறவர் அதை எண்ணினாரா, விட்டாரா? நானாக இருந்தால் விட்டிருப்பேன். சந்தேகமான தலையை எண்ணமாட்டேன், அருகே போய்ப் பார்த்துவிட்டுத்தான் எண்ணுவேன். பிறகு சாமுவேல். எங்கள் இரண்டாவது பிள்ளை, ஆறு வயதில் மூளைக்காய்ச்சல். எங்கள் கோயிலில் சாவு மணி வயதுக்கு ஒன்று அடிப்பது. அடிக்கிறவன் நான். தனசிங்கின் அப்பா, அவர்தான் அப்போது செயலர், நான் அடிக்கிறேன் நீ போ என்று கயிற்றைக் கேட்டார், கொடுக்கவில்லை. ஆறு அடித்தேன். அறுபது எழுபது என்று அடித்துப் பழகின கை, ஆறில் நிறுத்தச் சொன்னால் நிற்கமாட்டேன் என்றது, கயிறு மேலே இழுத்தது, அதைப் பிடித்துத் தொங்கி நிறுத்தினேன். மணிக்கூண்டுக்குள் தனியாக அப்படித் தொங்கினபடி, ஆண்டவரே நீர் இருந்தால் இதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொன்னேன். இருந்தால் என்று சொன்னேன். கோயில்குட்டி சொன்ன ஜெபம் அது. அந்த நாள் எனக்குத் தெரியும், மாதம், கிழமை, எல்லாம் தெரியும். அதை மூன்றாவது கோட்டில் எழுத முடியுமா? அது இரட்சிக்கப்பட்ட நாளா, இல்லை அன்றைக்குத்தான் எல்லாம் போயிற்றா? இன்னொன்று யோசித்தேன், அது கொஞ்சம் ஆறுதலாக இருந்தது. எனக்குப் பிறந்த தேதியும்தான் தெரியாது. அம்மாவைக் கேட்டால் பெருமழைக்கு மறுவருஷம் என்பாள். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது ஹெட்மாஸ்டர் ஜூன் ஒன்று என்று போட்டுவிட்டார். என் வகுப்பில் பத்தொன்பது பேருக்கு ஜூன் ஒன்று. தேதி தெரியாததால் நாங்கள் பத்தொன்பது பேரும் பிறக்காமலா போனோம்? இதைச் சகோதரர் எட்வினிடம் கேட்கலாம் என்று ஒரு நிமிஷம் தைரியம் வந்தது. கேட்டால் சிரித்துவிட்டு ஒரு வசனம் சொல்லுவார். எனக்குப் பதில் சொல்ல வராது, நாற்காலி தூக்கப் போய்விடுவேன். இது ஆறுதலுக்காக நானே ஜோடித்த நியாயம் என்று பிறகு பட்டது. ஞானப்பூவின் ஜூன் பதினாலுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்.

காணிக்கைப் பாட்டு தொடங்கிவிட்டது, பையை எடுத்துக்கொண்டு போனேன். அட்டைகளையும் அதிலேயே போடச் சொல்லியிருந்தார்கள். முன் பெஞ்சில் எட்வின் புன்னகை செய்த மாதிரி இருந்தது, முகம் சரியாகத் தெரியவில்லை, நானும் பொதுவாகப் புன்னகை செய்தேன். கடைசியில் பையைச் சுவர்ப்பக்கம் திருப்பி என் அட்டையைப் போட்டேன், மூன்றாவது கோடு வெறுமையாக. அப்பத் தட்டை ஐயர் கையில் கொடுத்தேன். கொடுக்கும்போது ஒரு முறை பார்த்தேன், வெள்ளியில் வெள்ளை, ஒரே மூடுபனி, ஒன்றும் பிரித்துத் தெரியவில்லை. இருபத்திரண்டு, எண்ணித்தானே வைத்தேன். ஜெபம் முடிந்து ஒவ்வொரு வரிசையாக வந்து பீடத்தைச் சுற்றின கம்பிக்கு முன்னால் முழங்கால் போட்டார்கள். ஆறு பேர் கொள்ளும். முதல் ஆறு, எட்வினும் தனசிங்கும் தம்பியும் பனையேறிகளும். அடுத்து வாத்தியாரும் மருமகனும் பாடகர் குழுவில் நாலும். பன்னிரண்டு. மூன்றாவது ஆறு. பதினெட்டு. நாலாவது சுவரோரத்து நாலு பேர், பச்சைப் புடவை கடைசியில். இருபத்திரண்டு. ஞானப்பூ எழுந்து போகும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு அம்மாடி என்றாள். முடிந்தது. நான் தலையைக் குனிந்து என் கால்விரலைப் பார்த்தேன். உள்ளே ஏதோ பெரிய வேலையை ஒழுங்காக முடித்த மாதிரி இருந்தது. இனிமேல் ஒவ்வொரு மாதமும் இப்படித்தானா? அடுத்த மாதம் இருபத்திரண்டு, கிறிஸ்துமஸுக்கு நூற்று எழுபது வரும், என்னைத் தள்ளி நூற்று எழுபது, சாகும்வரை என்னைத் தள்ளி. சாகும்போது மணி எழுபத்தொன்றோ எழுபத்திரண்டோ அடிப்பார்கள், அந்தச் சத்தத்தில் எங்கே போவேன்? அப்போது ஐயர் கூப்பிட்டார். "அண்ணாச்சி." மெதுவாகத்தான் கூப்பிட்டார். நான் நிமிரவில்லை. "அருமைநாயகம் அண்ணாச்சி. வாங்க." போய்க் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றேன். எனக்கு வைக்கலய்யா என்று குசுகுசுத்தேன். வாழ்க்கையில் பீடத்துக்கு முன்னால் நான் பேசினது அதுதான் முதல் தரம். ஐயர் தட்டைச் சாய்த்துக் காட்டினார். "வைக்காமயா இது இருக்கு?" எனக்கு ஒன்றும் தெரியவில்லை, வெள்ளியில் வெள்ளை. எல்லாரும் வாங்கியாச்சுங்களாய்யா என்றேன். "எல்லாரும் வாங்கியாச்சு. ஒண்ணு இருக்கு. உங்க எண்ணிக்கை என்னைக்கு அண்ணாச்சி தப்பியிருக்கு?" தப்பியிருக்கிறது. இருபத்தாறு வருஷத்தில் முதல் தரம், அதுவும் இன்றைக்கு. அதைச் சொன்னால் கண்ணைச் சொல்லவேண்டும். கண்ணைச் சொன்னால் ஏன் இருபத்திரண்டு என்று சொல்லவேண்டும். பாட்டு நின்றுவிட்டது. பின்னால் இருபத்தொன்பது பேர் மூச்சு விடுகிறது கேட்டது, வாத்தியார் இருமினார், தனசிங் "என்னவாம்?" என்று யாரிடமோ கேட்டார். ஜெபித்த அப்பம், டப்பாவுக்குத் திரும்ப முடியாது. ஐயர் கையை நீட்டியபடியே நின்றார். இவர் எடுத்துச் சாப்பிட்டுவிடலாமே, சட்டப்படி அது சரிதானே, ஏன் என்னைப் பார்க்கிறார். தகுதி இல்லைங்கய்யா என்று சொல்ல வாயைத் திறந்தேன். முழங்கால்தான் மடங்கிவிட்டது. உள்ளங்கையை நீட்டினேன். அப்பத்துக்குக் கனமே கிடையாது, வைத்தாரா வைக்கவில்லையா என்று தெரியாமல் விரலை மூடாமல் அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன். "இருக்கு அண்ணாச்சி, கையில இருக்கு" என்றார் ஐயர். வாயில் போட்டேன். மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. தீர்ப்பு வரட்டும் என்று காத்திருந்தேன். மழைச் சத்தம் கேட்டது. நாக்கால் தள்ளித் தள்ளிக் கரைத்தேன், மாவு ருசிதான், அறுநூற்று எண்பத்திரண்டு தரமும் இருந்த அதே ருசி.

எல்லாரும் போனபிறகு தட்டைக் கழுவித் துடைத்து வைத்துவிட்டு, மாதாமாதம் அப்பக் கணக்கு எழுதுகிற நோட்டை எடுத்து எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு எழுத? இருபத்திரண்டு வைத்தேன் என்றால் இருபத்துமூன்றாவது எங்கிருந்து வந்தது? மனது ஒரு நிமிஷம் பெரிய இடத்துக்கெல்லாம் போயிற்று, ஐந்து அப்பமும் இரண்டு மீனும் ஐயாயிரம் பேருக்குப் பெருகின அற்புதம் வரைக்கும் போயிற்று, வெட்கப்பட்டுத் திரும்பி வந்தது. நேற்று மதிய வெயிலில் வெள்ளைத் துணி விரித்துப் புதுப் பாக்கெட்டைப் பிரித்து எண்ணிக் காலி டப்பாவில் போட்டேன், சரியாக இருநூறு, பாக்கெட்டிலும் இருநூறு என்றுதான் அச்சடித்திருந்தது. நான் இருபத்திரண்டு எடுத்திருந்தால் நூற்று எழுபத்தெட்டு இருக்கவேண்டும். டப்பாவைத் திறந்து எண்ணத் தொடங்கினேன். ஈரக்காற்றில் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தது, கயிறு இழுத்துக் காய்த்துப்போன விரலுக்கு ஒன்றா இரண்டா என்று பிடிபடவில்லை. நூற்று எழுபத்தைந்து வந்தது. மறுபடி எண்ணினால் நூற்று எண்பத்தொன்று. மூன்றாம் தரம் பாதியில் நின்றுவிட்டேன். ஞானப்பூ குடைக்காக உள்ளே வந்தாள். "இன்னுமா முடியல? கொழம்பு வைக்காண்டாமா?" நான் எழுந்திருக்கவில்லை. "ஐயருகிட்ட என்ன பேசுனிய? எல்லாரும் உங்களையே பாத்துக்கிட்டிருந்தாவ." ஞானப்பூ, எனக்குக் கண்ணு தெரியல என்றேன். சொல்லிவிட்டேன். காதில் விழுந்த பிறகுதான் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. அவள் குடையைச் சுவரில் சாய்த்தாள். "தெரியும்" என்றாள். எப்பம் இருந்து என்றேன். "மாட்டுப் பொங்கலுக்கு மறுநா. காப்பிய டம்ளருக்கு வெளிய ஊத்திட்டு, ஈரமா இருந்த தரையத் தொடச்சமாரி தொடச்சியளே, அன்னைக்கு." பத்து மாதமா? ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்றேன். "நீங்க சொல்லணும்லா. நாஞ் சொன்னா, நல்லாத் தெரியுதும்பிய." நான் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினேன். இதை எண்ணிச் சொல்லு, நேற்று இருநூறு போட்டேன், காலையில் எனக்கு வைக்காமல் இருபத்திரண்டுதான் எடுத்தேன் என்றேன். அவள் என் முகத்தை வெகுநேரம் பார்த்தாள், ஏன் என்று கேட்கப்போகிறாள் என்று பயந்தேன், அந்த அட்டை, அறுநூற்று எண்பத்திரண்டு, எல்லாம் சொல்லவேண்டிவரும், சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தது. அவள் கேட்கவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். நகத்தால் ஒவ்வொன்றாகப் பிரித்து, பத்துப் பத்தாகத் துணியில் அடுக்கினாள், அவள் எண்ணுகிறபோது உதடு அசையாது, எனக்குப் பின்தொடர முடியவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒருவர் எண்ணும்போது நான் சும்மா உட்கார்ந்திருந்தது அதுதான் முதல் தரம். முடித்தாள். எத்தனை என்றேன். "இருங்க" என்று இன்னொரு தரம் அடுக்குகளை விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள். "உங்களுக்கும் சேத்துத்தான் எடுத்திருக்கிய" என்றாள். எண்ணைச் சொல்லு என்றேன்.

"நூத்தி எழுவத்தேழு."